ஒரே வகுப்பில் இரண்டு சால்டிவார்

ரோசால்வா சால்டிவாருக்குப் பதினாறு வயது. மாட்டு டாக்டராக வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு வருஷக்கணக்கில் படிக்க வேண்டும் என்பதால் பதினோராம் வகுப்பிலேயே அவசரம் தொற்றிக்கொண்டது. வாரத்தில் இரண்டு நாள் மதியம் பள்ளி பஸ் ஏறி, ஊர்க்கோடியில் இருக்கும் கல்லூரிக்குப் போய்விடுவாள். அங்கே தேறும் பாடங்கள் பள்ளிக்கும் சேரும், கல்லூரிக்கும் சேரும். பள்ளியை முடிக்கும்போதே பட்டப்படிப்பில் பாதியைத் தாண்டிவிடலாம்.

மேடைப் பேச்சு வகுப்பின் முதல் நாள் உள்ளே நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசி வரிசையில், தீயணைப்புத் துறை பனியனோடு, முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா எஃப்ரைன்.

"அப்பா! நீ இங்க என்ன பண்ற?"

"படிக்க வந்தேன். தீயணைப்புல கேப்டனா பதவி உயரணும்னா காலேஜ் பாடம் சிலது முடிக்கணுமாம்."

"இந்த ரூமுக்குள்ள நமக்குள்ள உறவே கிடையாது. செல்லம், பட்டுன்னு வாயத் தொறந்தியோ, அவ்ளோதான்."

"சரிங்க மேடம்."

எரிகிற வீட்டுக்குள் அலட்சியமாக நுழைகிற மனுஷனுக்கு மேடை ஏறினால் பனியன் நனைந்தது. முதல் பேச்சைச் சீட்டைப் பார்த்து ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஓடிவந்தார். ரோசால்வாவோ மடை திறந்த மாதிரி பேசினாள்.

அக்டோபரில் பட்டிமன்றம். பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிப் பாடம் படிக்கலாமா, கூடாதா? சீட்டு எடுத்ததில் 'படிக்கலாம்' மகளுக்கு வந்தது, 'கூடாது' அப்பாவுக்கு.

"நீங்க சொந்தக்காரங்களா?" என்றார் ஆசிரியை ஹோல்கம்ப்.

"வீட்ல அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றார் எஃப்ரைன்.

அன்று வீட்டில் ரோசால்வா விரல் நீட்டி எச்சரித்தாள். "பாவம்னு விட்டுக் குடுத்தே, பேசவே மாட்டேன்."

"யாரு, நானா? ஒன்ன ஊதித் தள்ளிடுவேன் பாரு."

பட்டிமன்ற நாளில் அவள் பிரமாதமாகப் பேசினாள். நேரம் மிச்சம், குடும்பத்தில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்குப் பயம் தெளியும் என்று அடுக்கினாள். கைதட்டல் அடங்கியதும் எஃப்ரைன் எழுந்தார். குறிப்புச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம் நல்லாப் பேசினாங்க. அவங்களை எனக்குக் கொஞ்சம் தெரியும்." வகுப்பு சிரித்தது. "போன வெள்ளிக்கிழமை இவங்க ஸ்கூலோட வருஷாந்திர மேட்ச், ஊரே ஃபுட்பால் மைதானத்துல. இவங்க சிநேகிதிங்க அன்னைக்கு வழக்கப்படி மார்ல தாம்பாளம் அளவுக்கு செவ்வந்தி குத்திக்கிட்டு ஆடினாங்க. இவங்க சமையல்கட்டுல உயிரியல் படிச்சிட்டிருந்தாங்க. நான் வேகமாப் போறதுக்குச் சம்பளம் வாங்குறவன். எங்க வண்டியில போனா வழியில ஒண்ணும் கண்ணுல படாது. எங்களுக்கு அது பரவால்ல, அங்க வீடு எரியுது. இவங்களுக்கு என்னங்க எரியுது?"

மறுப்புப் பேச்சுக்காக எழுந்த ரோசால்வா ஒரு கணம் தரையைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்தாள்.

"ஐயா சொன்னது நெசம். அன்னைக்கு மைதானத்துச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டுச்சு. கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா யாரும் என்னைத் தள்ளல, நானாத்தான் படிக்க உக்காந்தேன். ஐயாவையும் எனக்குத் தெரியும். அவர் இந்த வகுப்புக்கு வர இத்தனை வருஷம் ஆச்சு. என்னை வளர்த்ததும் அதுக்கு ஒரு காரணம். அவர் தாமதமா வந்தாரு, நான் முந்தி வந்தேன். ரெண்டு பேருக்கும் கதவு தொறந்துதான் இருந்துச்சு. வயசப் பாத்து அதைச் சாத்தாதீங்கன்னுதான் கேக்கறேன்."

வகுப்பு கைதூக்கி ஓட்டுப் போட்டதில் ரோசால்வா நூலிழையில் ஜெயித்தாள். விசில் அடித்தவர் எஃப்ரைன்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் கேட்டாள்: "நெசமாவே அப்படித்தான் நெனைக்கிறியா?"

"பாதி நெசம். மீதி சீட்டுல வந்தது."

அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "ஜனவரியில ஒரு பாடம் குறைக்கப் போறேன். நீ சொன்னேன்னு இல்ல. எனக்கே தோணுச்சு."

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்று வண்டியைக் கிளப்பினார்.

கோடைக்கு முன்பே எஃப்ரைன் கேப்டன் ஆனார். விட்ட பாடத்தை ரோசால்வா மறுவருஷம் பள்ளி முடித்த பிறகு, கோடையில் படித்துத் தேறினாள்; அந்த இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் போய் உட்கார்ந்தாள். வசந்தகால நடனத்துக்கு அவள் போனதும், செருப்பு அறுந்து வெறுங்காலோடு விடியும்வரை ஆடியதும் தனிக் கதை.