ஸ்டெல்லா உட்கார்ந்த பந்தி

சபையிலிருந்து ஸ்டெல்லா நீக்கப்பட்ட பிறகும் அவள் சமைத்ததைப் புருஷன் மணிவண்ணன் சாப்பிட்டான். அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான். தட்டில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். சபையின் சட்டம் அப்படி. நீக்கப்பட்டவரோடு ஒரே வீட்டில் இருக்கலாம், பேசலாம், ஒன்றாகச் சாப்பிடக் கூடாது.

அவள் செய்த குற்றம், அப்பாவை அடக்கம் செய்யப் போனது. அவளுடைய அப்பா இன்னாசிமுத்து காட்டேரிக்குப்பத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து கத்தோலிக்கராகவே செத்தவர். கல்யாணம் கட்டி பாகூர்ப் பக்கம் வந்த பிறகுதான் ஸ்டெல்லா புருஷன் வீட்டாரின் சபையில் சேர்ந்தாள். நகை கிடையாது, பூ கிடையாது, டி.வி. கிடையாது. மற்றவர்களின் கோயிலுக்குள் கால் வைக்கவே கூடாது. அப்பாவின் பெட்டிக்குப் பின்னால் அவள் மாதா கோயிலுக்குள் போனாள். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினாள். யாரோ எடுத்த செல்போன் படம் சபையின் மூப்பர் நாகராஜனுக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஞாயிறு அவளை எழுப்பி நிறுத்தி, விக்கிரகத்தை வணங்கினேன் என்று அறிக்கை செய்யச் சொன்னார்.

"எங்கப்பாவப் பொதைச்சிட்டு வந்தேன். அதுக்கு இன்னாத்துக்கு மன்னிப்பு கேக்கணும்?" என்றாள் ஸ்டெல்லா. அன்றோடு சரி.

வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். வில்லியனூர்ப் பக்கம் மாத்திரை கம்பெனியில் அவளோடு பேக்கிங்கில் நிற்கும் ஆதிலட்சுமி ஒருநாள் மல்லிகைச் சரத்தைக் கிள்ளி நீட்டினாள்.

"இந்தா, வச்சிக்க. இப்பதான் அந்தச் சாமி இல்லன்னு ஆயிடுச்சே."

"பூவக் குடு. சாமி இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"அப்ப இருக்குதா?"

ஸ்டெல்லா பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். காட்டேரிக்குப்பத்திலிருந்து அக்கா போன் செய்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் தாய்க்கோயிலுக்கே திரும்பி வா என்றாள். ஒரு இடத்தில் முழங்கால் போட்டது போதும் என்று ஸ்டெல்லா போனை வைத்துவிட்டாள். உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஆண்டவரே என்று வாய் தானாகச் சொல்லும். சில நாள் யாரோ நின்று கேட்பதுபோல இருக்கும். சில நாள் வெறும் சுவரோடு பேசுவதுபோல இருக்கும். அப்போது கோபம் வரும். "இருந்தா இருந்துட்டுப் போ, எனக்கு இன்னா" என்று சத்தமாகவே சொல்லிவிடுவாள்.

தை பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை, கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோது ஒரு சேதி காதில் விழுந்தது. முந்தின நாள் மணிவண்ணன் சபையில் எழுந்து, வழிதப்பிப் போன தன் மனைவிக்காகக் கண்ணீர் விட்டு ஜெபித்தானாம். கேட்டவர்கள் எல்லாம் அழுதார்களாம். அவன் ஜெபித்தால் கல்லும் கரையும் என்று சபையில் அவனுக்குப் பேர்.

வேலை முடிந்து வந்ததும் நேரே கேட்டாள். "எனக்காக அழுதியாமே?"

"மூப்பரு அழச் சொன்னாரு, அழுதேன்."

"மேல ஒருத்தரு கேக்குறாருன்னுதான அழுத?"

மணிவண்ணன் துவைகல்லில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "இல்ல" என்றான்.

"இன்னா இல்ல?"

"யாரும் கேக்குறதா எனக்குத் தோணல. ரொம்ப வருஷமாவே. வாய்க்குப் பழக்கம், வருது."

ஸ்டெல்லாவுக்கு நின்ற இடத்திலேயே உடம்பு கொதித்தது. "அப்ப ஏன்யா அங்க போற?"

"வேற எங்க போறது? அண்ணன் அங்க இருக்குது. வேல குடுக்குற மேஸ்திரி அங்க. செத்தா தூக்குறதுக்கு நாலு பேரு வேணும்ல?"

"சாமியே இல்லன்றவன் உள்ள ஒக்காந்து பாட்டுப் பாடுற. இருக்காரா இல்லியான்னு தெனம் அவரோட மல்லுக்கட்டுற நானு வெளிய. இதுல என் பக்கத்துல ஒக்காந்து சோறு துன்னா ஒனக்குத் தீட்டு!"



அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை அடுத்த வாரம். ஆராதனை முடிந்ததும் சபைக்கு வெளியே பந்தல் போட்டு அன்பின் விருந்து நடக்கும். வெள்ளைச் சேலைகள் வரிசையாக உட்கார்ந்து, இலையில் சோறும் விழுந்த நேரத்தில், ஸ்டெல்லா கிளிப்பச்சைச் சேலையில் உள்ளே வந்தாள். பெண்கள் வரிசையின் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் மணிவண்ணனின் அண்ணி அமிர்தம்.

"எதுக்குடி வந்த? எழுந்திரு" என்று பல்லைக் கடித்தாள் அமிர்தம்.

"பசிக்குதுக்கா."

அமிர்தம் இலையை அப்படியே விட்டு எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். பிறகு வரிசையே எழுந்துவிட்டது. இருபது முப்பது இலைகளில் சோறு ஆவி பறக்கக் கிடந்தது. ஸ்டெல்லா ஆள் இல்லாத ஓர் இலையைத் தன் பக்கம் இழுத்து வெறுஞ்சோற்றைப் பிசைந்தாள்.  ஒரு கவளம் வாயில் வைத்தாள்.

நாகராஜன் வேகமாக வந்தார். "தேவன விட்டுட்டுப் போன ஒங்களுக்கு இங்க இன்னா வேல? நீங்க தேவன விசுவாசிக்கிறீங்களா இல்லியா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"அது எனக்கும் அவருக்கும் நடக்குற பேச்சு. நடுவுல நீங்க யாரு?"

 ஆண்கள் வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த மணிவண்ணன் வாளியோடு வந்தான். மனைவியின் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினான்.

"பிரதர், வாளியக் கீழ வைங்க" என்றார் நாகராஜன்.

அவன் வைத்தான். வைத்துவிட்டு, அமிர்தம் விட்டுப்போன இலையின் முன்னால் உட்கார்ந்தான்.

"அவளக் கேக்குறீங்க. என்னைய ஒருநாளும் கேக்கலியே பிரதர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு நம்பிக்க இல்ல."

பந்தலே அவனை வெறித்துப் பார்த்தது. யாரோ ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தார்கள். ஸ்டெல்லா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயம். கூட்டுப் பாத்திரத்தை எட்டி எடுத்து அவன் இலையில் வைத்தாள். இருவரும் சாப்பிட்டு முடித்தே எழுந்தார்கள்.

மறுநாள் மேஸ்திரி மணிவண்ணனை வேலைக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கன்னியக்கோயில் பக்கம் வேறு மேஸ்திரியிடம் குறைந்த கூலிக்குப் போக வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணன் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மணிவண்ணன் இப்போது உள்ளே, அவளுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். முதல் நாள் ஸ்டெல்லா கண்ணை மூடி, சோற்றுக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். பாதியில் அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"ஆமென் சொல்றவரைக்கும் பொறுக்க மாட்டியா?"

"ஆறிப்போவுது. நீ சொல்லு, நான் துன்றேன்."

மேலே யாராவது கேட்கிறாரா என்று அன்றைக்கு அவளுக்கு நிச்சயமில்லை. இருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள், பக்கத்து வீட்டில் அமிர்தத்துக்குக் கேட்கிற அளவுக்குக் குரலை உயர்த்தி.