ஏரி முள்ளில் ஒட்டிய கட்டி

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில் உத்திரமேரூர் ஏரி பாதி வற்றியபோது, உள்ளே மூழ்கிக் கிடந்த கருவேல முள்ளிலெல்லாம் கட்டி கட்டியாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் வழுக்கும், நுங்குபோல நடுங்கும். சேரிக்காரர்கள் செத்த மாட்டை அறுத்து ஏரியில் கழுவுகிறார்கள், அந்தக் கொழுப்புதான் இது என்று பஞ்சாயத்து பிரசிடெண்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனிச் சேரி ஆட்கள் ஏரியில் இறங்கக் கூடாதென்று தமுக்கு அடிக்கச் சொன்னார். அடித்தவன் அதே சேரியின் வெட்டியான் இருசப்பன். தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு எதிராகத் தானே தமுக்கடித்துவிட்டு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி மார்த்தாளுக்கு வயிறு எரிந்தது. கோடையில் கூலி வேலை கிடையாது. ஏரி மீனும் இல்லையென்றால் மூன்று பிள்ளைகளும் என்னத்தைத் தின்னும்?

"கொழுப்பு இன்னான்னு எனக்கா தெரியாது?" என்றவள், விடியும் முன்னே போய் முள்ளோடு ஒரு கட்டியை ஒடித்து வந்தாள். பாதியைச் சட்டியில் போட்டு அடுப்பேற்றினாள். கொழுப்பென்றால் உருகி எண்ணெயாக நிற்கும். இது சுருங்கித் தண்ணீராய்ப் போனது. மீதியை ஏரித் தண்ணீர்ப் பானையில் போட்டு ஆடாமல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டி மேலெல்லாம் பூனை மயிர் மாதிரி விரிந்தது. விரலை நீட்டினாள், வெடுக்கென்று உள்ளே போய்விட்டது. அவளுக்குச் சிரிப்புப் பொங்கியது.

"யோவ், எந்திரி! இதுக்கு உசுரு கீதுய்யா!"

பானையோடு ஹைஸ்கூலுக்கு ஓடினாள். சயின்ஸ் வாத்தியார் ஞானதாஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புத்தகத்தையும் புரட்டிவிட்டுத் துள்ளாத குறை. அன்று சாயங்காலமே மைக்ராஸ்கோப்பைப் பஞ்சாயத்துக்குத் தூக்கி வந்தார்.

"இது பிரயோசோவா. கண்ணுக்குத் தெரியாத பிராணிங்க ஆயிரக்கணக்குல கூடி வாழுது. யாரும் கொட்டினது இல்லைங்க. நீங்களே பாருங்க."

பிரசிடெண்ட் வேண்டாவெறுப்பாகக் கண்ணை வைத்தார். "இன்னாய்யா இது, கையை ஆட்டிக்கினு கீது!" என்று அலறிப் பின்வாங்கினார். கூட்டம் சிரித்தது. அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "சரி சரி, போய் மீன் புடிங்க."

மார்த்தாள் நகரவில்லை. "அது எப்பிடிங்கய்யா? தமுக்கு அடிச்சுதானே எறங்கக் கூடாதுன்னீங்க? எறங்கலாம்னும் தமுக்கு அடிச்சே சொல்லுங்க."

அன்றைக்கு இருசப்பன் ஒரு தெரு பாக்கி வைக்கவில்லை. பிரசிடெண்ட் வீட்டு வாசலில் மட்டும் இரண்டு தடவை அடித்தான்.