நாலாம் மேஜையின் ஏழு கட்டுகள்

மூன்றே மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நகரசபைத் தலைவர் பதவி கைநழுவிப் போனால் யார்தான் சும்மா இருப்பார்கள்? தோற்றவரின் ஏஜென்ட் மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். தொட்டதற்கெல்லாம் கை தூக்கியதால் அவருக்கு ஆட்சேபணைக்காரர் என்று நேற்றே பெயர் விழுந்திருந்தது. அவர் சந்தேகப்பட்டது இரண்டாம் மேஜையையும் ஆறாம் மேஜையையும்தான். எழுதிக் கேட்டதை மட்டும் எண்ணினால் போதும் என்றார் தேர்தல் அதிகாரி.

நேற்று நாலாம் மேஜையில் ஓட்டு எண்ணிய டீச்சருக்கு அப்பாடா என்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். ஜெயித்தவரின் ஓட்டுகளை ஐம்பது ஐம்பதாக எண்ணிக் கட்டும் வேலை அவள் பங்குக்கு வந்தது. தோற்றவருடையவை பக்கத்து நாற்காலி ஓவிய மாஸ்டருக்கு. ஜெயித்தவருக்காக அவள் கணவர் ஒரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டை கட்டிக்கொண்டவர். அதை அதிகாரியிடம் அவள் முன்பே சொல்லியிருந்தாள். ஆள் பற்றாக்குறை, உட்காருங்கள் என்றுவிட்டார்.

இரண்டாம் மேஜையில் குமாஸ்தா ரப்பர் வளையத்தைக் கழற்றி, மேலிருந்த விவரச் சீட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம் ஐம்பது எண்ணினார். அடுத்த கட்டும் அப்படியே. டீச்சர் பொழுது போகாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டில், ஓரமாகப் போன சீட்டின் மேல் அவள் பார்வை நின்றது.

பரீட்சைத் தாள் கட்டும்போது முகப்புச் சீட்டை முதலில் வைத்து, அதையும் ஒன்றாகச் சேர்த்தே எண்ணுவது அவர்கள் பள்ளி வழக்கம். பதினெட்டு வருடம் அப்படி எண்ணிய கை. நேற்று காலையில் ஒழுங்காகத்தான் செய்தாள். மத்தியானத்துக்கு மேல், அசதியில், சீட்டை முதலில் வைத்தாளா கடைசியில் வைத்தாளா? சீட்டும் ஓட்டும் ஒரே அகலம் வேறு. மொத்தம் ஏழு கட்டு. நாலு கட்டில் தப்பு நடந்திருந்தாலே ஆட்டம் குளோஸ்.

வாயைத் திறக்காவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால், கட்சிக்காரன் பெண்டாட்டி வேண்டுமென்றே கூட்டிப் போட்டாள், மாட்டிக்கொள்வோம் என்றதும் நல்லவள் வேஷம் போடுகிறாள் என்பார்கள். வேலைக்கே உலை வைக்கிற பேச்சு. ஆறாம் மேஜையும் சரியாக வந்துவிட்டது. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சார், நாலாம் மேஜையையும் எண்ணணும்."

"அதை யாரும் கேக்கலையே டீச்சர்."

"நான் கேக்கறேன். சீட்டையும் ஓட்டுன்னு சேத்து எண்ணிட்டேனோன்னு பயமா இருக்கு சார்."

கட்டுகளைத் தொட அவளுக்கு இனி அனுமதியில்லை என்று சொல்லி, இரண்டு தரப்பையும் பக்கத்தில் நிறுத்தி, குமாஸ்தாவை எண்ணவிட்டார் அதிகாரி. மாஸ்டருடையவை எல்லாம் ஐம்பது. ஓவியத்துக்குப் பரீட்சைத் தாள் கட்டுகிற வேலை கிடையாது, மனிதர் பிழைத்தார். டீச்சருடையதில் முதல் இரண்டு ஐம்பது. மூன்றாவது நாற்பத்தொன்பது. நாலாவதும் நாற்பத்தொன்பது. அப்புறம் அவள் பார்க்கவில்லை, மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதை என்ன செய்வது? ஐந்து கட்டில் ஐந்து ஓட்டு போயிற்று. ஜெயித்தவர் இரண்டு ஓட்டில் தோற்றார்.

ஆட்சேபணைக்காரர் எழுந்தார். வந்தது வினை என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பழக்கம்தானே, யாருக்கும் வரும் என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். விளக்கம் எழுதி வாங்கிய அதிகாரியும் மேலே ஒரு வரி சேர்த்துக் கேட்கவில்லை.

கணவர் வாசலில் வண்டியோடு நின்றிருந்தார். சேதி அவருக்கு எட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. திட்டுவார், ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் அவள் போனாள். அவரோ அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு கனிவை அவள் பார்த்து வெகுநாளாகிவிட்டது.

"எனக்காகவா அப்படி எண்ணினே?"

உள்ளே அத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அவர் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

"அழாதே," என்றார். "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."