பின்சீட்டில் எழுபது கிலோ

2013 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, தேங்காய்ப்பட்டணம் சாலையில் ஐஸ் பிளாண்டை ஒட்டிய எடைமேடையில் ஒரு வெள்ளைக் கார் ஏறி நின்றது. உள்ளே ஆள் இல்லை. எடை 1,560 கிலோ.

மீன் லாரிகளுக்கான மேடை அது. கூண்டுக்குள் இருந்த கோலப்பன் சிவப்பு எண்களைப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"எடே, இதுக்குள்ள ஐஸ் ஒண்ணும் இல்லியே? இந்த மேடைல கார ஏத்துன மொத ஆளுங்க நீங்கதான்."

"கம்பெனிக்காரன் ஒரு கணக்கு சொல்லியிருக்கான் அண்ணாச்சி. சரியான்னு பாக்கணும்" என்றான் சிவபிரசாத்.

கூட வந்திருந்த அபினுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். டாங்க் நிறைய டீசலோடு, ஆளில்லாமல் 1,490 கிலோ. முன்சக்கரங்களில் பாதி, பின்சக்கரங்களில் பாதி. அந்தச் சரிபாதிதான் இந்த ஜெர்மன் வண்டியின் பெருமை. செப்டம்பர் முதல் வாரத்தில் டெல்லியில் புது மாடலை அறிமுகம் செய்ததிலிருந்து, 'குமரி மேற்கு மோட்டார் குழு' என்ற ஃபேஸ்புக் பக்கத்தில் வேறு பேச்சே இல்லை. குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். பாதிப் பேர் வளைகுடாவில். அந்த வண்டியை வாங்கக்கூடியவர் அநேகமாக ஒருவரும் இல்லை. அதனால் அபிப்பிராயத்துக்குக் குறைவில்லை. பின்விளக்கு ஜப்பான்காரனைப் பார்த்து வரைந்தது என்றான் ஒருவன். ஸ்டியரிங்கை எலெக்ட்ரிக் ஆக்கிக் கெடுத்துவிட்டான், இனி ரோடு கையில் பேசாது என்றான் இன்னொருவன். ஸ்டெப்னி இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு புதுக்கடை ரோட்டில் போகிறவனுக்கு முதலில் ஆஸ்பத்திரியில் பெட் சொல்லிவைக்க வேண்டும் என்றான் தோஹாவிலிருந்து ஒருவன்.

அதே தோஹாவிலிருந்து மரியான் வந்தான். வந்த நாலாம் நாள் திருவனந்தபுரம் ஷோரூமிலிருந்து அந்த வண்டியையே இனயத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தான். மேற்குப் பக்கத்தில் அந்த மாடலில் அதுதான் முதல் வண்டி.

மரியான் வந்தது வண்டி வாங்க அல்ல. தம்பி ஜெமியின் அடக்கத் திருப்பலிக்காக வந்தான். ஜெமி, வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தபோது, 2009 நவம்பர் புயலில் கடலில் போனவன். உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு, உடுத்திய சட்டையையும் கைலியையும் பெட்டியில் வைத்து மூடி, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது அந்தக் குடும்பங்களின் வழக்கம். துணியைப் பெண்டாட்டி தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜெமியின் பெண்டாட்டி பிரிஜா நாலு வருஷமாகக் கொடுக்கவில்லை.

பிரிஜா அபினின் அக்கா. அவனோடு ஒரே வீட்டில் இருப்பவள், நெய்யூரில் நர்ஸ். குவைத்தில் வேலை கிடைத்து விசாவும் வந்திருந்தது. நவம்பர் முப்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். நாலு வருஷமாக ராத்திரிச் சோற்றை இரண்டு தட்டில் போடுகிறவள், இந்த ஆகஸ்டில்தான் ஒரு நாள், "சரி, சட்டைய எடுத்து வைக்கேன்" என்றாள். நவம்பர் 11 என்று பங்குத் தந்தை தேதி குறித்தார். அந்த ஒரு வார்த்தையை அக்காவிடமிருந்து வாங்க அபின் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். அந்த நாள் கடந்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

வண்டி வந்த அன்றே குழுவிலிருந்து மூன்று பேர் இனயம் கடற்கரை ரோட்டில் அதை ஓட்டிப் பார்த்தார்கள். அபின் மார்த்தாண்டத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பவன். சிவபிரசாத் அங்கேயே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், அரை மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவன். மூன்றாவது ஆள், லீவில் வந்திருந்த ஜேசுதாஸ். அன்று ராத்திரியே சிவபிரசாத் குழுவில் விமர்சனம் எழுதினான். எஞ்சினைப் புகழ்ந்தான். குறைகள் மூன்று என்றான். பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே நெருக்குகிறது. வண்டி பின்பக்கம் தாழ்ந்து ஓடுகிறது. மைலேஜ் சொன்னதில் ஒன்றரை கிலோமீட்டர் குறைகிறது.

திருவனந்தபுரத்தில் அதே வண்டி வைத்திருந்த ரேஷ்மி என்ற டாக்டர் அதன் கீழே எழுதினாள்: 'எனக்கு இந்த மூன்றுமே இல்லை. வேறு வண்டியை ஓட்டினீர்களா?'

அதைத் தீர்க்கத்தான் மூன்று பேரும் மரியானோடு எடைமேடைக்கு வந்தார்கள்.

"ஐரோப்பாக்காரன் டிரைவரையும் சேத்தாக்கும் எடை சொல்லுவான்" என்றான் சிவபிரசாத், எடைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு.

"அப்பிடிப் பாத்தா ஆளில்லாம நிக்கும்போ கொறயணும்லே. இது கூடுது" என்றான் அபின்.

டிக்கியைத் திறந்தார்கள். காலி. தரைப்பாயை எடுத்து வெளியே போட்டார்கள். மரியான் கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக்கூடக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அதுக்கு எத்தன கிலோ இருக்கும்ணு?" என்று ஜேசுதாஸ் சிரித்தான்.

மறுபடியும் 1,560. பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் போட்டார்கள்: 755. பின்சக்கரங்களை மட்டும்: 805. கோலப்பன் மேடையைக் காலியாக்கிப் பூஜ்யம் காட்டினார். "எனக்க மெஷினக் குத்தம் சொல்லாதீங்க. போன மாசம்தான் முத்திரை வெச்சது" என்றார்.

வீட்டுக்குப் போய் அபின் கணக்குப் போட்டான். அவனால் போடாமல் இருக்க முடியாது. டிக்கியில் பாரம் இருந்தால் அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும். முன்பக்கம் சற்றுத் தூக்கிக்கொடுக்கும், எடை குறையும். இங்கே முன்பக்கம் பத்துக் கிலோ கூடியிருக்கிறது, பின்பக்கம் அறுபது. அப்படியானால் எழுபது கிலோவும் பின்சக்கரத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். காரின் படத்தை வரைந்து, அளந்து, அந்த இடத்தில் புள்ளி வைத்தான். புள்ளி பின்சீட்டின் மேல் விழுந்தது.

கணக்கு ஒத்துவந்த சந்தோஷத்தில் அவன் வேறெதையும் யோசிக்கவில்லை. எடைச் சீட்டுகளைப் படமெடுத்து, வரைபடத்தோடு, குழுவில் போட்டான். ஒரு மணி நேரத்தில் ரேஷ்மியின் பதில் வந்தது: 'பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தபோது எடைபோட்டிருக்கிறீர்கள்!' முப்பத்தெட்டுப் பேர் அதை விரும்பினார்கள். சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன.

அபினும் சிரித்தான். பிறகு அந்தப் பக்கத்தை முதலில் தொடங்கியவன் யார் என்பது நினைவுக்கு வந்தது. ஜெமி. கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போய் எட்டு நாள், பத்து நாள் கழித்துக் கரையேறினால் மீன் நாற்றம் போகுமுன் கார் புத்தகம் புரட்டுகிறவன். எவன் புது வண்டி வாங்கினாலும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டான். பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "ஓட்டுகவனுக்கு வண்டிக்க கொணம் தெரியாது மக்கா, பின்னால இரிக்கவனுக்குத்தான் தெரியும்" என்பான்.

அபின் பதிவை அழித்தான். அதற்குள் மறுநாள் காலை ஏழு மணி ஆகியிருந்தது.

அடுக்களையில் பிரிஜா வேலைக்குப் போகும் வெள்ளைப் புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் போன்.

"எழுபதா?" என்றாள்.

"என்னக்கா?"

"நீ போட்ட படம் நான் பாத்தேன். எழுபதா, இல்ல ஒண்ணோ ரெண்டோ கூடுமா?"

"அந்த மெஷின் அஞ்சு அஞ்சாத்தான் காட்டும். அது ஏதோ சென்சார் எழவு, இல்லேன்னா சேசிஸ்ல கம்பெனிக்காரன் ஏதோ தகடு கூட வெச்சிருப்பான். நீ ஏன் இதெல்லாம் பாக்க?"

"அவங்க விசா மெடிக்கல்ல எழுபத்தொண்ணு" என்றாள் பிரிஜா. "நான்தான் கொண்டுபோய் எடை பாத்தேன்."

அக்காவின் முகத்தில் அழுகை இல்லை. சம்பளநாளில் பஸ்ஸுக்கு நிற்கிறவள் போல நின்றாள்.

"அக்கா, நவம்பர் பதினொண்ணு..."

"அது கெடக்கட்டும். மரியான் அண்ணன்ட்ட சொல்லு. எனக்கு ஒருக்கா அந்த எடைமேடைக்குப் போணும். புதன்கிழம எனக்கு லீவு."

மரியான் மறுத்துப் பேசுவான் என்று அபின் எதிர்பார்த்தான். மரியான் மறுக்கவில்லை. "விசா இப்ப வரும், அதுக்குள்ள ஒரு தங்கல் கூடப் போயிட்டு வாலேன்னு ஜெமிக்குப் போன்ல சொன்னது நான்தான் மக்கா" என்றான். "ஷோரூம்ல வண்டி எடுத்ததுலேர்ந்து எனக்கு முன்சீட்டப் பின்னால தள்ள மனசு வரல்ல. முட்டி இடிக்குது. ஆனாலும் தள்ளல்ல. பின்னால இரிக்கவனுக்குக் காலு நீட்டணும்லா."

"பின்னால யாரு இருக்கா?" என்று அபின் கேட்கவில்லை. தானும் அந்த வண்டியை ஓட்டும்போது சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவபிரசாத் ஆறடி. அவனும் முட்டி இடிக்கத்தான் ஓட்டினான்.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. லாரி எதுவும் இல்லை. வண்டியை மேடையில் நிறுத்தி, மரியானும் அபினும் இறங்கிக் கூண்டின் தகரத்தின் கீழே ஒதுங்கினார்கள். பிரிஜா குடையோடு தனியே நின்றாள்.

"1,560" என்றார் கோலப்பன். "மழைத்தண்ணி மேலேர்ந்து ஒரு அஞ்சு வருமோன்னு பாத்தேன். இல்ல. அண்ணைக்கு உள்ளதுதான்."

பிரிஜா குடையை மடக்கி மேடைக்கு வெளியே சாத்தி வைத்தாள். வலது பக்கக் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறினாள். நடுவில் உட்காரவில்லை. கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"1,610. கொச்சுப் பிள்ளைக்கு அம்பது" என்றார் கோலப்பன்.

கண்ணாடியில் மழை வழிந்ததால் உள்ளே முகம் தெரியவில்லை. தலை இடது பக்கம் திரும்பியிருந்தது மட்டும் தெரிந்தது. பேசினாளா என்று அபினுக்குத் தெரியாது. தகரத்தில் மழை அப்படி அடித்தது. பத்து நிமிஷம் இருக்கும். மரியான் மழையையே பார்த்துக்கொண்டிருந்தான், வண்டிப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு வலது கதவு திறந்தது. பிரிஜா இறங்கினாள். இறங்கிய பிறகும் கதவை விரியப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள். வயசானவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் அப்படித்தான் நிற்பாள். நின்று, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அபின் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தான். 1,490.

"மெஷினத் தட்டுங்க அண்ணாச்சி."

கோலப்பன் தட்டினார். அணைத்துப் போட்டார். வண்டியை இறக்கி ஏற்றச் சொன்னார். மரியான் இறக்கி ஏற்றிவிட்டு வந்தான். 1,490. முன்பக்கம் 745. பின்பக்கம் 745.

"அம்பது கிலோ ஏறிச்சு. நூத்தி இருவது எறங்கிச்சு" என்றார் கோலப்பன். சீட்டு அடிக்கும் இயந்திரத்தின் மேல் கையை வைத்தார், அடிக்கவில்லை. "நான் முப்பது வருஷமா இந்த வேலைல இருக்கேன் பிள்ளைகளா. இதுக்கு ரசீது போட எனக்கு ஒக்காது. நீங்க போங்க."

அபின் வெளியே ஓடினான். பிரிஜா குடையை விரித்துக்கொண்டு சாலையில் இறங்கியிருந்தாள்.

"அக்கா, ஏறு. வீட்டுல விடுகேன். இந்த மழைல எப்பிடி நடப்ப?"

"நீ அண்ணன்கூட வா மக்கா" என்றாள். "ரொம்ப நாளு நடக்காம இருந்தா காலு பிடிச்சுக்கும்."

அவள் குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடிக்கவில்லை. இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தாள். வலது தோள் முழுக்க நனைந்து புடவை ஒட்டியிருந்தது. இனயம் வரைக்கும் அவள் பின்னால் அவர்கள் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். எதிரே வந்த மீன்காரிகள் இரண்டு பேர் அவளிடம் ஏதோ கேட்டுவிட்டு, சாலையின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கிக் கடந்தார்கள். மரியான் வழியில் ஒரு தடவை சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டினான். நீட்டியதும் அழுதான்.

அன்று மாலை சிவபிரசாத் போன் செய்தான். அபின் எண்களை மட்டும் சொன்னான்.

"1,490ஆ? சரிபாதியா? அப்பம் அண்ணைக்கு மெஷின்தான் கொளப்பம். நான் அப்பவே சொன்னேன் கேட்டியா" என்றான் சிவபிரசாத்.

மறுநாள் அவன் இன்னொரு தடவை வண்டியை ஓட்டிப் பார்த்தான். பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துப் புதுக்கடை வரை போய்வந்து, பழைய விமர்சனத்தைத் திருத்தினான். இடம் தாராளம், பின்பக்கம் தாழவில்லை, மைலேஜ் கம்பெனி சொன்னபடி. ரேஷ்மி வாழ்த்து எழுதினாள். குழுவில் பேச்சு அடுத்து வரப்போகும் இன்னொரு கம்பெனி வண்டிக்குப் போயிற்று.

நவம்பர் எட்டாம் தேதி பெட்டி வந்தது. மரியானும் அபினும் துணி வாங்கப் பிரிஜாவிடம் போனார்கள். கொல்லையில் கொடியில் ஜெமியின் நீலச் சட்டை துவைத்துக் காயப்போட்டிருந்தது. பிழிந்த தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. காலரில் புதிதாக வியர்வைக் கறை, சோப்புக்குப் போகாத கறை.

"அக்கா, சட்ட..." என்றான் அபின்.

"அவங்களுக்கு வேற உடுப்பு இல்ல மக்கா" என்றாள் பிரிஜா. மரியானைப் பார்த்து, "இரிங்க அண்ணே, சாயா போடுகேன்" என்றாள். நாலு டம்ளர் எடுத்து வைத்தாள்.

மரியான் உட்காரவில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பங்குத் தந்தையிடம் போய்ச் சொன்னான்.

2013 நவம்பர் 11, திங்கட்கிழமை, இனயத்தில் அந்த அடக்கத் திருப்பலி நடைபெறவில்லை. பிரிஜாவின் குவைத் விசா நவம்பர் முப்பதாம் தேதி காலாவதியானது.