மறுபடி அக்காவின் கயிறு

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மறுபடி அக்கா. ஆட்களைக் கயிற்றில் கட்டிப் பறக்கவிடுவது அவள் தொழில். கொக்கியைப் பார்த்தாயா என்பாள். பார்த்துவிட்டேன் என்றால், "மறுபடி பாரு" என்பாள். கப்பியைப் பார்த்தாயா? "மறுபடி பாரு." சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறவன்கூட, "மறுபடி கழுவட்டுமாக்கா?" என்று கேட்டுச் சிரிப்பான். அவளும் சிரித்து வைப்பாள். சிரித்துக்கொண்டே போய்க் கொக்கியை இன்னொரு முறை பார்ப்பாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவள் அரண்டதற்கான காரணம் அவள் வீட்டிலேயே கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் கதாநாயகர்களுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்தவர். எவனோ பிடித்த கயிற்றில் ஏறி, எவனோ 'எல்லாம் சரியா இருக்கு' என்று சொன்னதை நம்பி, இடுப்பெலும்பு நொறுங்கக் கீழே வந்தார். இப்போது துணி மடிக்கிறார், செய்தி பார்க்கிறார், மழை வருமா வராதா என்பதை இடுப்பு வலியை வைத்து வானிலைக்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அவர் விழுந்த பிறகுதான் அவள் இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். கயிற்றின் மறுமுனையில் ஒழுங்கான ஆள் ஒருத்தியாவது இருக்கட்டும் என்ற ஆத்திரம்.

அவர்களுக்கு ஒரே மகள். அவளிடம் தாய் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். "நீ என்ன வேலைக்கு வேணாலும் போ. கயித்துல மட்டும் ஏறாதே." மகளும் தலையை ஆட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச நாளாக அவள் முழங்கையில் ஒரு கன்றல். கேட்டால், "படில வழுக்கிட்டேம்மா." இன்று காலை தட்டில் வைத்ததைத் தொடாமல், "கடையில கணக்கெடுப்பு, நேரமாச்சு" என்று ஓடினாள். தாயின் மனதில் அது ஒரு முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அவளுக்குத் தைக்காத நாள் எது?

இன்றைய படப்பிடிப்பு 'இரும்புத்தோள்' தொடருக்கு. வாரா வாரம் ஊரைக் காப்பாற்றும் வீரன் இரும்புத்தோள். அவனாக நடிப்பவருக்கு உண்மையில் தோள்வலி. தைலம் இல்லாமல் தளத்துக்கே வரமாட்டார். பார்ப்பவர்களுக்கு அவர் அலுத்துப்போய்விட்டார் என்று தெரிந்ததும், கதை எழுதுகிறவர்கள் ஒரு புதியவளைக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து வந்தாள், யார், எதிரியா தோழியா, எதுவும் தெரியாது. முகமூடி மட்டும் தெரியும். அவள் தொட்டால் எதுவும் எடையிழந்துவிடும். லாரியைத் தொட்டால் லாரி மிதக்கும். தன்னையே தொட்டுக்கொண்டால் அவள் மிதப்பாள்.

அவள் யாரென்று பேருந்திலும் சலூனிலும் ஆளாளுக்குப் பந்தயம் கட்டினார்கள். தயாரிப்பாளருக்கு வாயெல்லாம் பல். ரகசியம் வெளியே போகக்கூடாது என்று தளத்திலும் சட்டம் போட்டுவிட்டார். முகமூடி வண்டியிலிருந்து முகமூடியோடுதான் இறங்கும். யாரோடும் பேசாது. அதனிடம் யாரும் பேசக்கூடாது. பேசினால் இருவருக்கும் வேலை போகும். இதைக் கண்காணிக்க ஒரு உதவி இயக்குநர். எந்நேரமும் உதட்டில் விரலை வைத்திருந்ததால் அவனுக்கு உஷ் என்று பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அதைப் பெருமையாகச் செய்துகொண்டிருந்தான்.

மறுபடி அக்காவுக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை; வார் சரியாக இருக்கிறதா என்று ஆளிடமே கேட்க முடியாது. முகமூடிக்குள் இருப்பது சிட்டு என்று அவளுக்குத் தெரியும். சிட்டு பல வருடமாக அவள் கயிற்றில் பறப்பவள். வீட்டுக்கு வந்து மகளோடு மணிக்கணக்காகக் கதையடிப்பவள். மூன்று வாரமாகச் சிட்டுவை வைத்துத்தான் ஒத்திகை. சிட்டுவின் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகளை எதிர்ப்பக்கம் தொங்கவிட்டாயிற்று. ஆள் ஒரு பக்கம், மூட்டை மறுபக்கம். இரண்டும் சமமாக இருந்தால் அக்கா ஒரு கையாலேயே ஆளை ஏற்றி இறக்கலாம்.

இன்று முகமூடியின் இடுப்பில் கொக்கியை மாட்டி, ஒரு சாண் தூக்கிப் பார்த்தபோது கனத்தது. அக்கா கயிற்றை இறக்கினாள். மறுபடி தூக்கினாள். மறுபடியும் கனத்தது.

உஷ்ஷைக் கூப்பிட்டாள். "தம்பி, ஆளு மாறியிருக்கா?"

"அதே ஆள்தான்க்கா."

"எடை கூடுதே."

"எடையெல்லாம் சொன்னா யாருன்னு தெரிஞ்சிடும்னு சார் சொல்லியிருக்காருக்கா." அவன் குரலைத் தாழ்த்தினான். "புது மேலங்கி போட்டிருக்காங்க. உள்ள விளக்கு, பேட்டரி எல்லாம் வச்சுத் தச்சிருக்கு. அதான் கனம்."

அக்கா மேலங்கியைப் பார்த்தாள். தோளிலிருந்து கணுக்கால் வரை, இருபுறமும் விளக்குகள் மினுக்க, பார்க்கக் கனமாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்க்கலாம் என்று கை நீட்டியபோது, "விளக்கு அறுந்துடும், தொடாதீங்க" என்று தையல்காரர் அலறிக்கொண்டு வந்தார். எதையும் மறுபடி பார்க்கிறவள் அதை ஒரு முறைகூடத் தூக்கிப் பார்க்காமல் விட்டாள்.

அவள் கணக்கு இதுதான். மேலங்கிதான் கனம் என்றால் எதிர்ப்பக்கம் ஒரு பெரிய மூட்டையைக் கூட்ட வேண்டும். காட்சியின்படி, முகமூடி எரியும் கிடங்குக்கு மேலே மிதந்து நின்று, மேலங்கியைக் கழற்றித் தீயின் மேல் எறிவாள், தீ அணையும், பிறகு மெல்ல இறங்குவாள். மேலங்கி போனதும் எடை குறையும். அந்த நொடியில் கூடுதல் மூட்டையையும் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஆள் கூரையில் போய் முட்டுவாள்.

மூட்டைகள் தளத்தின் அந்தக் கோடியில் தொங்கின. அங்கே அவளுடைய உதவியாள் நின்றான். பெயர் ஒல்லி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"மேலங்கிய விட்டுக் கண்ண எடுக்காதே" என்றாள் அக்கா. "அது தோள விட்டு விழுந்ததும் மூட்டைக் கொக்கியத் தட்டிவிடு. நான் கத்தினாலும் திரும்பிப் பாக்காதே. புயலுக்கு வச்சிருக்கிற காத்தாடி சத்தத்துல எதுவும் கேக்காது."

"சரிக்கா."

"மறுபடி சொல்லு."

ஒல்லி மறுபடி சொன்னான்.

புயற்காற்றுக்காக ஆள் உயரக் காற்றாடிகள் நான்கு உறுமத் தொடங்கின. கீழே வாயுக் குழாய்களில் தீ வரிசையாக எழுந்தது. அக்கா கயிற்றை இழுத்தாள். முகமூடி எழும்பியது. தீயைத் தாண்டி, உடைந்த ஜன்னல்களைத் தாண்டி, விளக்குகள் மினுக்க மேலே போய் நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்காவுக்கு அழகு தெரியவில்லை, கொக்கி தெரிந்தது.

கேமராவில் ஏதோ கோளாறு. இயக்குநர் கையைத் தூக்கி, பொறுங்கள் என்று சைகை காட்டினார். தீ எரிந்துகொண்டே இருந்தது. முகமூடி ஆகாயத்தில் காத்துக்கொண்டிருந்தது.

அப்போது அதன் இடது கால் மெல்ல எழுந்து, வலது கணுக்காலைத் தேய்த்தது. ஒரு முறை. இன்னொரு முறை.

அக்கா கயிற்றை இறுகப் பிடித்தாள். ஊசி போடும் டாக்டர் முன்னால் அப்படித் தேய்த்த கால் அது. பள்ளிக்கூட மேடையில் பாட்டு மறந்து நின்றபோது தேய்த்த கால். பயம் வந்தால் மட்டும் தேய்க்கும். உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அந்தப் பழக்கம். அவள் இந்நேரம் கண்ணாடிக் கடையில் கணக்கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதலில் கோபம்தான் வந்தது. இறங்கட்டும், செவுளில் ஒன்று விடுகிறேன் என்று நினைத்தாள். கன்றல், வழுக்கிய படி, தொடாத தட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பல்லிளித்தன. ஊருக்குத் தெரியக்கூடாது என்று போட்ட சட்டத்தை அம்மாவுக்குத் தெரியாமலிருக்கப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள் கள்ளி.

கோபத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மகள் சிட்டுவைவிட ஒரு தலை உயரம். சிட்டுவைவிடக் கனம். அப்படியானால் கனம் மேலங்கியில் இல்லை. கனம் ஆளில் இருக்கிறது. மேலங்கி விழுந்தாலும் எடை குறையப் போவதில்லை. ஆனால் ஒல்லி மூட்டையைத் தட்டிவிடுவான். மகள் தீயில் விழுவாள்.

"ஒல்லி" என்று கத்தினாள். காற்றாடிகள் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டன. ஒல்லி, சொன்ன சொல் தட்டாதவன், மேலங்கியையே பார்த்துக்கொண்டு கொக்கியில் கை வைத்து நின்றான். திரும்பாதே என்று சொன்னதும் அவள்தான். மகளை இறக்கலாம் என்றால் கீழே தீ. கயிற்றை விட்டு ஓடலாம் என்றால் கயிற்றின் முனையில் மகள்.

இயக்குநரின் கை கீழே இறங்கியது. கேமரா சரியாகிவிட்டது. மேலே மகளின் கைகள் மேலங்கியின் முடிச்சுக்குப் போயின.

அக்கா யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இருந்திருந்தால் அவள் இன்னும் பயந்திருப்பாள். கயிற்றைத் தன் இடுப்பு வாரிலிருந்த இரும்பு வளையத்தில் சுற்றினாள். இன்னொரு சுற்றுச் சுற்றினாள். கொக்கியை மாட்டிப் பூட்டினாள். மூட்டை போனால் போகட்டும், நான் இருக்கிறேன் மூட்டையாக.

மேலங்கி விழுந்தது. காகிதம் மாதிரி மிதந்து மிதந்துதான் விழுந்தது. ஒல்லி கொக்கியைத் தட்டினான்.

இடுப்பில் யாரோ உலக்கையால் அடித்ததுபோல இருந்தது. அக்காவின் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பின. மேலே மகள் ஒரு முழம் சரிந்தாள். தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், நடுவில் கப்பி. இருவரும் ஒரு கணம் ஆகாயத்தில் ஆடி நின்றார்கள். பிறகு அக்காவின் கால்கள் தரையைத் தொட்டன. மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். கீழே வாயுவை மூடித் தீயை அணைத்தார்கள். வாரைத் தளர்த்தி, கயிற்றைக் கைமாற்றி, அங்குலம் அங்குலமாக அவளை இறக்கினாள்.

காற்றாடிகள் ஓய்ந்ததும் இயக்குநர் கைதட்டினார். "அந்தச் சரிவு பிரமாதம். தனக்கே தன் சக்தி புரியாத மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை அப்படியே எடுத்துடலாம்."

அக்காவுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. உஷ் பக்கத்தில் வந்து வெளிறிப்போய் நின்றான்.

"அதே ஆள்தானா தம்பி?" என்றாள்.

அவன் தலை குனிந்தான். "நேத்து சிட்டுக்குக் கால் பிசகிடுச்சுக்கா. கொஞ்ச நாளா அவங்ககிட்டப் பழகிட்டிருந்த இவங்கள அவங்கதான் கொண்டு வந்தாங்க. ரகசியம்னு..."

ஒரு வார்த்தை போதும். என் மகள் என்று உரக்கச் சொன்னால் அந்த முகமூடி இப்போதே கழன்றுவிடும், மகளுக்கு இந்த வேலை முடிந்துவிடும். சொல்லத்தான் வாயெடுத்தாள். வீட்டில் கைத்தடியோடு இருப்பவர் நினைவுக்கு வந்தார். அவரையும்தான் எத்தனை பேர் ஏறாதே என்றார்கள். கேட்டாரா? இவளும் கேட்கப்போவதில்லை. இந்தத் தளத்தில் துரத்தினால் இன்னொரு தளம்; அங்கே 'எல்லாம் சரியா இருக்கு' என்று சொல்ல எவனோ ஒருவன் இருப்பான்.

"ஒல்லி" என்றாள். "அந்த மூட்டைய மாட்டு. இந்தத் தடவ கழட்டாதே. எந்தச் சரிவும் கெடையாதுன்னு சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

பிறகு முகமூடியின் பின்னால் போய் நின்று, இடுப்பு வாரை இறுக்கினாள். குனிந்து, வாரைப் பார்ப்பதுபோல அதன் காதருகே சொன்னாள். "காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டே."

முகமூடி விறைத்து நின்றது. சட்டப்படி அது பேசக்கூடாது. மூச்சுக் காற்றோடு காற்றாகப் பதில் வந்தது.

"கயிறு உன்னோடதுன்னு சிட்டு சொன்னதாலதாம்மா ஒத்துக்கிட்டேன்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொக்கியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். இடது கால் வலது கணுக்காலை நோக்கி எழுந்தபோது, தன் கையை வைத்து அதை மெல்லத் தரையில் ஊன்றிவிட்டு, கயிற்றுக்குப் போனாள்.