அதிர்ந்து பேசாதவருக்கு ஒரு நற்சான்று

அந்த இரும்பு யார்டில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. யாரையாவது பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்தால் ஃபோர்மேன் தன் கைப்பட, பெயருக்குப் பதில் ஆளின் டோக்கன் எண்ணை மட்டும் போட்டு, ஒரு பக்கத்துக்கு நற்சான்று எழுதுவார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாக வாசிப்பார். முதுகுக்குப் பின்னால் எழுதினார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். முகத்துக்கு நேரே வைத்தே ஒருவரை இல்லாமல் ஆக்கிவிடலாம் என்பது அவருக்கும் தெரியாது. கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த கிரேன்காரிக்கும் அன்று வரை தெரியாது.

காலியாக இருந்தது தலைமை கிரேன் இயக்குநர் வேலை. பெயர்தான் பெரிது, சாரம் ஒரே ஒரு சொல்: ‘வேண்டாம்’. அந்த நாற்காலியில் இருப்பவர் ஒரு பாரத்தைத் தூக்க வேண்டாம் என்று சொன்னால், மேனேஜரே வந்து தலைகீழாக நின்றாலும் அது தரையை விட்டு எழும்பாது. பதினோரு வருஷமாக கேபினில் உட்கார்ந்து, யார் யாரோ சரியில்லாமல் கட்டிய பாரங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கியவள் அவள். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் உரிமைக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள்.

போட்டிக்கு இருந்தது புலி. எட்டு வருஷத்துக்கு முன்பு ஓர் அதிகாரியின் காலடியில் ஹெல்மெட்டை விட்டெறிந்து சம்பாதித்த பட்டப்பெயர் அது. எதற்காக எறிந்தான் என்பது இப்போது அவனுக்கே மறந்துவிட்டது. புலி என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் புலியின் கடிதத்தை வாசித்தார். “டோக்கன் எண் தொண்ணூற்று நான்கு. கோபக்காரர். தப்பைக் கண்டால் பொறுக்கமாட்டார். மேலதிகாரி என்றாலும் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கறாரானவர்.” எல்லோரும் கை தட்டினார்கள். புலி கூச்சப்பட்டதுபோல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

பிறகு அவளுடையது. “டோக்கன் எண் நூற்றுப் பதினேழு. அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்போதும் சிரித்த முகம். வீட்டையும் வேலையையும் ஒருசேரக் கவனிக்கும் பொறுப்பு உள்ளவர். இவர் வந்த பிறகுதான் ஓய்வறை சுத்தமாக இருக்கிறது. இந்த யார்டுக்கே மகள் போன்றவர்.”

இதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். வெல்டர் ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நல்ல பெண்ணுக்கு கிரேன் ஓட்டத் தெரியுமா என்ற கேள்வி அந்தக் கடிதத்தைப் படிக்கிற யாருக்கும் கடைசி வரை வராது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முழுக்கக் கோபத்தில் வந்த அழுகை. அழுதால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

ஏனென்றால் நாலு மாதத்துக்கு முன்பு அவள் அதிர்ந்து பேசியிருந்தாள். யார்டே அதிர்ந்தது. விருந்தாளிகள் நாலு பேரை அழைத்துவந்த மேனேஜர், ஒன்பது டன் தகட்டுக் கட்டைத் தூக்கச் சொல்லிக் கை காட்டினார். கட்டியிருந்த கம்பிக் கயிற்றில் இழைகள் அறுந்து சிலிர்த்து நிற்பது மேலிருந்தே அவள் கண்ணில் பட்டது. கீழே ஆறு பேர். கயிறு சரியில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னாள், மேனேஜர் மறுபடியும் ‘தூக்கு’ என்று கை காட்டினார். அவள் சாவியை உருவிக்கொண்டு ஏணியில் இறங்கிவந்து, விருந்தாளிகள் முன்னாலேயே, “இத நான் தூக்க மாட்டேன், எவனையும் தூக்க விடவும் மாட்டேன்” என்று கத்தினாள். கயிற்றைச் சோதித்தபோது ஒரே இடத்தில் பதினேழு இழைகள் அறுந்திருந்தன.

அதற்குக் கிடைத்த பாராட்டுகளும் அவளுக்கு நினைவிருந்தன. “அம்மாவுக்கு இன்னைக்கு வீட்ல என்ன சண்டையோ” என்றார் ஒருவர். பஜாரி என்றார் இன்னொருவர். பாரத்துக்கு நேர் கீழே நின்று உயிர் தப்பிய லாரி டிரைவர் மட்டும் நியாயமாகப் பேசினார். “நல்லவேளை, தப்பிச்சோம். ஆனாலும் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது.”

டீ முடிந்ததும் அவள் ஃபோர்மேன் அறைக்குப் போனாள். ஃபோர்மேன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம்.

“உக்காரும்மா. கடிதம் எப்படி? ரெண்டு நாள் ராப்பகலா யோசிச்சு எழுதினேன்.”

“அந்தக் கயிறு விஷயம் அதுல இல்லையே சார்.”

அவர் பதறிப்போய்க் கதவைச் சாத்தினார். “அத எப்படிம்மா எழுதுறது? உன் பேரு கெட்டுடாதா? நானே அத எல்லாரும் மறக்கட்டும்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

“கீழ நின்ன ஆறு பேர்ல நீங்களும் ஒருத்தர் சார்.”

“அதனாலதான் சொல்றேன். நான் உனக்கு அப்பா மாதிரி.”

“புலிக்கு எழுதினதயே எனக்கும் எழுதுங்க. கோபக்காரர், முகத்துக்கு நேரே சொல்லுவார். எல்லாம் எனக்கும் பொருந்துது. என்ன, ஹெல்மெட்டுதான் எறியல.”

ஃபோர்மேன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். “அது ஆம்பளைக்கு எழுதுறதும்மா. கோபக்காரர்னு அவனுக்கு எழுதினா, அடடா, நெஞ்சுல உரம் இருக்கு, நேர்மையான ஆளும்பாங்க. உனக்கு எழுதினா அடங்காப்பிடாரின்னு படிப்பாங்க. நான் என்ன செய்ய? படிக்கிறவன் கண்ணு அப்படி.”

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அமைதியானவர் என்று போனால் ‘வேண்டாம்’ சொல்லத் தெரியாதவள் என்று தள்ளிவிடுவார்கள். கோபக்காரர் என்று போனால் யாரோடும் ஒத்துப்போகாதவள் என்று தள்ளிவிடுவார்கள். இரண்டு வழியிலும் புலிக்குத்தான் நாற்காலி. மனிதர் ஏற்கெனவே அதற்கு ஒரு குஷன் வாங்கிவைத்துவிட்டதாகக் கேள்வி.

“அப்ப என்னப் பத்தி எதுவும் எழுதாதீங்க சார். அன்னைக்கு நடந்தத மட்டும் எழுதுங்க. நல்லவர், கெட்டவர், சிரிச்ச முகம், எதுவும் வேண்டாம்.”

அவர் பேனாவை எடுத்தார். அரை மணி நேரம் அந்தப் பேனா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ‘தாயுள்ளத்தோடு இறங்கி வந்து’ என்று எழுதினார், அடிக்கச் சொன்னாள். ‘பெண் என்றும் பாராமல்’ என்று எழுதினார். யார் பாராமல் என்று அவள் கேட்டதும் தானே அடித்தார். ‘சற்றே உணர்ச்சிவசப்பட்டு’ என்பதை அவள் ஒரு பார்வை பார்த்தாள்; அதுவும் போனது. கடைசியில் மிஞ்சியது ஏழு வரி. தேதி, நேரம், பாரத்தின் எடை. மேனேஜர் இருமுறை கை காட்டியது. டோக்கன் எண் நூற்றுப் பதினேழு சாவியை உருவிக்கொண்டு இறங்கி, தூக்க மறுத்தது. பதினேழு இழைகள். கீழே ஆறு பேர், அதில் நானும் ஒருவன்.

ஃபோர்மேன் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “மொட்டையா இருக்கேம்மா. உன்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே.”

“அது போதும் சார்.”

மறுநாள் டீ நேரத்தில் அதை வாசித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. முதல் கடிதம்தான் அழகாக இருந்தது என்று வெல்டர் வருத்தப்பட்டார்.

பத்து நாள் கழித்து, ஷிஃப்ட் முடிந்து கேபின் சாவியை ஒப்படைக்க அவள் ஃபோர்மேன் அறைக்குள் நுழைந்தபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தது. யார்டுச் சத்தத்தில் ஒரு காதைப் பறிகொடுத்தவர் ஃபோர்மேன்; எந்த ஃபோனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அந்த நூத்திப் பதினேழு யாருங்க? ஆள் வேற மாதிரி. மேனேஜர் ரெண்டு தடவ சொல்லியும் சாவிய உருவிட்டு இறங்கியிருக்கான் பாருங்க, அதுக்கு ஒரு தில் வேணும். இன்னொருத்தரக் கோபக்காரர்னு எழுதியிருக்கீங்க, எதத் தடுத்தார்னு ஒரு வரிகூட இல்ல. நாங்க மூணு பேரும் ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம். பேரச் சொல்லுங்க, ஆர்டர் அடிக்கணும்.”

நாலு மாதத்தில் அன்றைய காரியத்துக்கு ‘தில்’ என்று ஒருவர் பெயர் வைத்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவளுக்குக் காது சூடேறியது. ஃபோர்மேன் அவள் பெயரைச் சொன்னார்.

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“லேடியா?”

“ஆமா சார்.”

“ஓ. கடிதத்துல அப்படி ஒண்ணும் தெரியலையே.”

“நடந்தத மட்டும்தான் சார் எழுதினேன்.”

“சரி, சரி. திறமை எல்லாம் இருக்கும், இல்லேங்கல. குணம் எப்படி? கொஞ்சம் அனுசரிச்சுப் போவாங்களா? அங்க எல்லாம் ஆம்பளைங்க பாருங்க.”

அரை நிமிஷத்துக்கு முன் தில்லாக இருந்தது பெயரைச் சொன்னதும் குணமாகிவிட்டது. ஃபோர்மேன் அவளைப் பார்த்தார். அவர் நாக்கு நுனியில் என்னென்ன வரிசை கட்டி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். தங்கமான பொண்ணு சார், வாயத் திறக்க மாட்டா, மக மாதிரி. அதில் ஒன்றைச் சொன்னாலும் வேலை கிடைத்துவிடும். அனுசரித்துப் போகிறவள் என்று நம்பிக் கொடுத்த வேலையாகக் கிடைக்கும். அவள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டவில்லை; அவராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

“மாட்டாங்க சார்” என்றார் ஃபோர்மேன்.

“என்னது?”

“அனுசரிச்சுப் போக மாட்டாங்க. அன்னைக்கு போயிருந்தா இப்ப இந்த ஃபோன எடுக்க நான் இருந்திருக்க மாட்டேன்.”

அந்தப் பக்கம் மூன்று பேரும் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு ஃபோனைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் ஒரு நிமிஷம் முணுமுணுப்பு. கடைசியில் ஏதோ விதிமுறையைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்கள்.

ஃபோர்மேன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “கேட்டியாம்மா? ஆர்டர் வந்துடும். ஆனா ஆறு மாசம் பாத்துட்டுத்தான் நிரந்தரம் பண்ணுவாங்களாம்.”

“புலியா இருந்தா?”

அவர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. “நேரா நிரந்தரம்” என்றார்.

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“அப்ப இந்த ஆறு மாசத்துக்கு யாரும் ஏனோதானோன்னு பாரம் கட்டாம பாத்துக்கங்க சார். நான் அனுசரிக்க மாட்டேன்னு நீங்களே சொல்லிட்டீங்க.”