அக்காவின் கடைவாய்ப் பல்

ஒரே கட்டடத்தில் அக்காவும் தம்பியும் டாக்டர்கள். அக்காவின் அறையில் சொத்தைப் பல் அடைப்பது, பல் பிடுங்குவது, சுத்தம் செய்வது எல்லாம் நடக்கும். பக்கத்து அறைத் தம்பியோ பல் மருத்துவம் முடித்த கையோடு மேலும் மூன்று வருஷம் படித்து, கோணல் பல்லை வரிசைக்குக் கொண்டுவருவதை மட்டுமே தொழிலாக வைத்துக்கொண்டவன்.

"கம்பி கட்டுற மேஸ்திரி" என்பாள் அக்கா.

"ஓட்டை அடைக்கிறவங்கல்லாம் பேசக் கூடாது" என்பான் அவன்.

அக்காவுக்கு வயது நாற்பத்தெட்டு. கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றையொன்று முண்டிக்கொண்டு நின்றதில் பிரஷ் உள்ளே போகாமல் ஈறு வீங்கியது. ஒரு மத்தியானம் கௌரவத்தை விழுங்கிக்கொண்டு தம்பியின் நாற்காலியில் போய்ச் சாய்ந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவன் முகம் மலர்ந்தது.

"கம்பி அப்புறம்க்கா. கடைவாய்ப் பல்லுல சொத்தை இருக்கு."

"யாருக்கு? எனக்கா?"

"ஊருக்கெல்லாம் ரெண்டு வேளை தேய்க்கச் சொல்ற டாக்டரம்மாவுக்குத்தான். முதல்ல ஒரு நல்ல பல் டாக்டராப் பார்த்து அடைச்சுட்டு வா."

தன் பல்லைத் தானே அடைக்க முடியாது. வெளியே போனால் விஷயம் காட்டுத்தீயாகப் பரவும்.

"நீயே அடைடா."

அவன் சிரிப்பு காணாமல் போனது. "நானா? பல் அடைச்சுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சுக்கா!"

"மறந்திருந்தா சொல்லித் தர்றேன், வா."

அவள் அறைக்கே போனார்கள். வாயைப் பிளந்துகொண்டே பாடம் நடத்தினாள். "ஆ... ஓ... ஆஆ!" என்றால் மெதுவாக என்று அர்த்தம்.

"என்னது, இன்னும் ஆழமாவா?" என்று அப்பாவிபோலக் கேட்டான். நர்ஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

அக்கா முறைக்கப் போனவள், அவன் நெற்றி வேர்த்திருப்பதைப் பார்த்தாள். பாவம், பயந்துதான் போயிருக்கிறான். அவன் முழங்கையை லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடிச்சுப் பாரு."

"அடைப்பு உயரமா இருக்கு."

மூன்று தடவை அடைப்பைத் தேய்த்துக் குறைத்தான். நாலாவது தடவை கடித்தபோது பல்லோடு பல் பொருந்தியது. கண்ணாடியை வாங்கி, குறை கண்டுபிடித்தே தீருவதென்று இரண்டு முறை பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"சுமார்" என்றாள்.

அடுத்த வாரம் கம்பி ஏறியது. ஒன்றரை வருஷத்தில் பல்லெல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்றது. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் தம்பியின் கைவேலை என்று வாயாரச் சொன்னாள். கடைவாய் அடைப்பு கல்லுமாதிரி இருக்கிறது என்பதை மட்டும் அவனிடம் மூச்சுவிடவே இல்லை.